என் முறை வந்தால் நெட் போகும்

எங்கள் வீட்டு லேப்டாப்புக்கு என்னைக் கண்டாலே ஆகாது என்றுதான் மூன்று வாரமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

பின்னே என்ன? அப்பா பேசும்போது நன்றாக வேலை செய்யும். பொடிசு பேசும்போதும் வேலை செய்யும். என் முறை வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "அம்மா" என்று வாயைத் திறந்தால் போதும். திரையில் அம்மாவின் முகம் அப்படியே நின்றுவிடும். நெட் போய்விடும்.

பொடிசு என் தங்கை. நான்கு வயது. அவளுக்கு நல்ல பெயர் ஒன்று இருக்கிறது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்கமாட்டாள்.

அம்மா தொலைவில், ஒரு பெரிய ஆற்றின் மேல் பாலம் கட்டும் இடத்தில் வேலை செய்கிறார். இரும்போடு இரும்பைப் பற்றவைத்த இடங்கள் உறுதியாக இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்வதுதான் அவருடைய வேலை. அங்கே செல்போன் டவர் கிடையாது. அலுவலக அறையில் மட்டும் நெட் உண்டு. அதையும் எல்லோரும் முறை வைத்துத்தான் பயன்படுத்த வேண்டும். அம்மாவின் முறை ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணியிலிருந்து ஐந்தரை வரை.

அந்த அரை மணி நேரத்துக்கு எங்கள் வீட்டில் ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் அப்பா. சாப்பிட்டாயா, தூங்கினாயா, தலைக்கவசம் போடுகிறாயா என்று வாரா வாரம் அதே மூன்று கேள்விகளைக் கேட்பார். அடுத்தது பொடிசு. ஒரு பாட்டுப் பாடுவாள். தான் வரைந்ததைத் திரையில் ஒட்டவைப்பது போலக் காட்டுவாள். கடைசியில் எப்போது வருவாய் என்று கேட்பாள். சீக்கிரம் விமானம் ஏறிப் பறந்து வந்துவிடுவேன் என்பார் அம்மா. பொடிசு நாற்காலியிலிருந்து குதித்து இறங்கி, மேசையை எக்கிப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்பாள். அப்புறம்தான் நான். பெரியவள் பொறுத்துக்கொள்வாள் என்று எல்லா வீட்டிலும் நினைக்கிறார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான்.

அம்மாவிடம் சொல்ல வேண்டியதை ஒரு காகிதத்தில் எழுதி வைத்திருந்தேன். முதல் வாரம் ஐந்து விஷயங்கள் இருந்தன. மூன்றாவது வாரம் பதினேழு ஆகிவிட்டன. ஒன்றைக்கூடச் சொல்ல முடியவில்லை.

மூன்றாவது ஞாயிறு என் முறை வந்ததும் அம்மா அவசரமாகப் பேச ஆரம்பித்தார்.

"கண்ணு, முதல்ல நான் ஒண்ணு சொல்லிடறேன். அடுத்த ஞாயிறுக்கு அப்புறம் ரெண்டு மாசத்துக்கு நான்..."

அவ்வளவுதான். அம்மாவின் வாய் திறந்தபடியே நின்றது.

இரண்டு மாதத்துக்கு என்ன? வரமாட்டாரா? வந்துவிடுவாரா? வந்து இரண்டு மாதம் இருப்பாரா? அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் மாலை நெட் தானாகவே வந்திருந்தது. யாரும் எதுவும் செய்யவில்லை. அம்மாவிடமிருந்து ஒரு மின்னஞ்சல் இருந்தது. வேலை ஆற்றின் அக்கரைக்குப் போகிறதாம். அங்கே நெட்டும் இல்லையாம். வருகிற ஞாயிறு பேசினால் அதற்கப்புறம் இரண்டு மாதம் கழித்துத்தான் பேச முடியுமாம்.

நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் ஆறு நாள்.

அப்பா குழாய் வேலை செய்பவர். தண்ணீர் வராத வீடு எது என்று சொன்னால் போதும், எங்கே அடைப்பு என்று கண்டுபிடித்துவிடுவார். ஆனால் கணினி விஷயத்தில் அவரும் நானும் ஒன்றுதான். அவர் வைத்திருப்பதும் பொத்தான் போன். நல்ல போன் மூன்று வாங்கி, மூன்றும் தண்ணீர்த் தொட்டியில் விழுந்த பிறகு அதுவே போதும் என்று விட்டுவிட்டார்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் நெட் மறுபடியும் போனது. அப்பா அலமாரி மேல் இருந்த வைஃபை பெட்டியை அணைத்துப் போட்டார். வரவில்லை. லேப்டாப்பை அணைத்துப் போட்டார். வரவில்லை. பெட்டியின் பின்னால் இருந்த ஒயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, துடைத்து, திரும்பச் செருகினார். அப்போதும் வரவில்லை. நெட் கொடுக்கும் கம்பெனிக்குப் போன் செய்தார். லைன் நன்றாக இருப்பதாகச் சொல்லி வைத்துவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை மாடி வீட்டு அத்தையைக் கூப்பிட்டேன். அத்தை பேருந்து ஓட்டுகிறார். ஞாயிறு மாலை அவருக்கு எப்போதும் வேலை இருக்கும். இல்லாவிட்டால் அவர் போனிலேயே அம்மாவிடம் பேசியிருப்போம். அத்தை தன் போனை எங்கள் வைஃபையில் இணைத்துப் பார்த்தார். படம் ஓடியது, பாட்டு ஓடியது, எல்லாம் ஓடியது.

"உங்க நெட்டு நல்லாத்தான் இருக்கு. லேப்டாப்புக்குத்தான் ஏதோ கோளாறு" என்றார் அத்தை.

அப்பா தலையை ஆட்டினார். "அப்ப தொட்டியில தண்ணி இருக்கு. இந்தக் குழாய்லதான் வரல."

புதன்கிழமை அப்பா, நான், பொடிசு மூன்று பேரும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக் கடைக்குப் போனோம். கடை அண்ணன் அதைத் திறந்து, எதையோ நாலு தட்டுத் தட்டி, தன் கடை வைஃபையில் இணைத்தார். உடனே வந்துவிட்டது. அரை மணி நேரம் வைத்துப் பார்த்தார். ஒரு முறைகூடப் போகவில்லை.

"இதுல ஒரு குறையும் இல்லையே" என்றார் அவர். "வீட்டுல இரும்புச் சாமான் ஏதாவது நிறைய இருக்கா?"

அப்பாவின் முகம் மாறியது. எங்கள் வீட்டில் இரும்புக்கா பஞ்சம்? கூடத்தில் பாதி இடம் குழாய்களும் திருகுகளும்தான். நான் அண்ணனின் குட்டித் திருப்புளிகளை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். பொடிசு முக்காலியில் ஏறி நின்று லேப்டாப்பை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் அதை மூடி எங்களிடம் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து திறந்தோம். நெட் இல்லை.

எனக்குத் தலை சுற்றியது. கடையில் வந்தது, வீட்டில் ஏன் வரவில்லை? அத்தையின் போனுக்கு வந்தது, இதற்கு ஏன் வரவில்லை? வழியில் என்ன ஆனது? நடந்து வந்ததில் களைத்துப்போய்விட்டதா?

அப்பா வியாழக்கிழமை வேலைக்கே போகவில்லை. கூடத்திலிருந்த இரும்பையெல்லாம் பின்பக்கம் கொண்டுபோய் அடுக்கினார். இரும்பு அலமாரியை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குத் தள்ளினார். அப்புறம் அங்கிருந்து நடு வீட்டுக்குத் தள்ளினார். நெட் வந்தது. அப்பா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சரியாகப் பத்து நிமிடம் கழித்துப் போனது. அப்பா சிரிப்பதை நிறுத்திவிட்டார். இப்போது சமையலறைக்குப் போக வேண்டும் என்றால் அலமாரியைச் சுற்றிக்கொண்டு ஒருக்களித்துத்தான் போக வேண்டியிருந்தது.

"கடையிலேயே விட்டுட்டு வரலாமாப்பா?" என்று கேட்டேன்.

"கேட்டேன். பிரிச்சுப் பார்க்க ஒரு வாரம் ஆகுமாம். ஞாயித்துக்கிழமை கடையும் திறக்க மாட்டாங்களாம்" என்றார் அப்பா. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒரு வாரம் என்றால் ஞாயிறு தாண்டிவிடும். நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். அப்புறம் முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தேன்.

அப்பா அடைப்பைத் தேடும் விதம் எனக்குத் தெரியும். எந்தக் குழாயில் வருகிறது, எந்தக் குழாயில் வரவில்லை, எந்த நேரத்தில் வரவில்லை என்று முதலில் கேட்டுக்கொள்வார். அதற்கப்புறம்தான் பையைத் திறப்பார். இந்த லேப்டாப் விஷயத்தில் மட்டும் எதையும் கேட்காமல் அலமாரியைத் தள்ளிக்கொண்டிருந்தார். அம்மா போகப்போகிறார் என்ற பதற்றம் அவருக்கும் இருந்தது.

ஆகவே நான் ஒரு நோட்டை எடுத்தேன். கோடு போட்டு மூன்று கட்டம் பிரித்தேன். எந்த நேரம், எந்த இடம், யார் யார் இருந்தார்கள். மூன்றாவது கட்டம் பக்கம் நிரம்புவதற்காகப் போட்டதுதான். திங்கட்கிழமையிலிருந்து நடந்ததை எல்லாம் ஞாபகப்படுத்தி எழுதினேன். வெள்ளிக்கிழமை முழுவதும் பள்ளி நேரம் போக மீதி நேரமெல்லாம் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு காவல் காத்தேன்.

வியாழன் இரவு எட்டு மணி: கூடம். அப்பா, பொடிசு. தானாக வந்தது.

வெள்ளி காலை ஆறரை முதல் ஏழரை வரை: கூடம். நான் மட்டும். போகவில்லை.

மாலை நான்கு முதல் ஐந்து வரை: கூடம். நான், அப்பா. பொடிசு தூக்கம். போகவில்லை.

ஐந்து பத்து: கூடம். நான், அப்பா, பொடிசு. போனது.

ஆறு மணி: கூடம். பொடிசு மட்டும். நான் தண்ணீர் குடிக்கப் போயிருந்தேன். திரும்பி வந்தால், வந்திருந்தது.

நோட்டை மேலிருந்து கீழே பார்த்தேன். கீழிருந்து மேலே பார்த்தேன். நேரத்தில் ஓர் ஒழுங்கும் இல்லை. இடத்திலும் இல்லை. ஆனால் நெட் போன எல்லா வரியிலும் பொடிசு இருந்தாள். அது தானாக வந்த எல்லா வரியிலும் பொடிசு இருந்தாள். கடையிலும் இருந்தாள்.

இது இன்னும் பெரிய குழப்பமாகிவிட்டது. வைஃபை பெட்டி அலமாரி மேல் இருக்கிறது. பொடிசுக்கு அலமாரியின் பாதிகூட எட்டாது. நாலு வயதுக் குழந்தையைப் பார்த்து நெட் பயந்து ஓடுமா என்ன?

சனிக்கிழமை காலை லேப்டாப்பைத் திறந்து மேசையில் வைத்தேன். நெட் இருந்தது. குளிக்கப் போவதாகச் சத்தமாகச் சொல்லிவிட்டு நடுவீட்டில் நின்ற அலமாரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அப்பா அதை அங்கே தள்ளியதில் ஒரு நன்மையாவது இருந்தது.

பொடிசு வந்தாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். நாற்காலியில் ஏறினாள். ஆள்காட்டி விரலை நீட்டி, மேல் வரிசையில் ஒரே ஒரு பொத்தானை அழுத்தினாள். உடனே இறங்கி ஓடிப்போய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. வானத்தில் என்ன இருக்கிறது? மேசைக்கு வந்து பார்த்தேன். நெட் போயிருந்தது. அவள் அழுத்திய பொத்தானைப் பார்த்தேன். அதில் குட்டியாக ஒரு விமானப் படம் போட்டிருந்தது. திரையின் மூலையில், விசிறி மாதிரி கோடுகள் இருக்க வேண்டிய இடத்திலும் அதே விமானம்.

நான் அந்தப் பொத்தானை ஒரு முறை அழுத்தினேன். விசிறி வந்தது. இன்னொரு முறை அழுத்தினேன். விமானம் வந்தது, நெட் போனது.

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மூன்று ஞாயிறு! பதினேழு விஷயம்! அப்பா அலமாரியைத் தள்ளி இடுப்பு பிடித்துக்கொண்டு கிடக்கிறார். எல்லாம் இந்த ஒற்றை விரலால். அவள் முதுகில் ஒன்று வைக்கலாம் என்றே கிட்டப் போனேன்.

பொடிசு திரும்பாமலே கேட்டாள். "அக்கா, அம்மாவோட விமானம் இப்ப எங்க வந்துக்கிட்டு இருக்கும்?"

ஓங்கிய கை எங்கே போவது என்று தெரியாமல் நின்றது. அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அந்தப் பொத்தான அமுக்கினா விமானம் வருமா?"

"ஆமா. அதுல படம் போட்டிருக்கில்ல. அம்மாதான் விமானத்துல வரேன்னு சொன்னாங்க. நான் தினமும் கூப்பிடுறேன். வரவே மாட்டேங்குது." அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "யார்கிட்டயும் சொல்லாத. அம்மா திடீர்னு வந்து நிக்கணும்."

எனக்குத் தெரிந்தவரை சொல்லிப் பார்த்தேன். விமானத்தில் ஏறினால் போனில் யாரோடும் பேசக்கூடாது என்று மாடி வீட்டு அத்தை ஒரு முறை சொல்லியிருக்கிறார். அதற்குத்தான் இந்தப் பொத்தான். இதை அழுத்தினால் நாம் விமானத்தில் இருக்கிறோம் என்று நினைத்து லேப்டாப் வாயை மூடிக்கொள்ளும். திரும்ப அழுத்தினால்தான் பேசும்.

பொடிசு மேசைப் பக்கம் திரும்பிப் பொத்தானைப் பார்த்தாள்.

"அப்ப அம்மா பேசிட்டு இருக்கும்போது நான் அமுக்கினேனே."

"ம்."

"நான்தான் அம்மாவ நிறுத்திட்டேனா?"

அவள் உதடு பிதுங்கியது. கண் நிறைந்துவிட்டது. என் கோபம் எங்கே போனது என்றே தெரியவில்லை. அவளை மடியில் இழுத்து வைத்துக்கொண்டேன்.

"நீ நிறுத்தல. நீ கூப்பிடத்தான் செஞ்ச. பொத்தான்தான் வேற."

அப்பாவிடம் சொல்லத்தான் வேண்டும். பொடிசு என் பின்னால் ஒளிந்துகொண்டாள். நான் எல்லாவற்றையும் சொல்லி, பொத்தானை அழுத்தியும் காட்டினேன். அப்பா திரையின் மூலையைக் குனிந்து பார்த்தார். அப்புறம் நடுவீட்டில் நின்ற அலமாரியைப் பார்த்தார்.

"இத நான் முதல் நாளே பார்த்தேன். ஏதோ மீன் படம்னு நினைச்சு விட்டுட்டேன்" என்றார்.

பொடிசு முதலில் சிரித்தாள். அப்புறம் நான். அப்பாவும் சிரிக்க முயன்றார். இடுப்பு வலித்ததால் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

ஞாயிறு நாலே முக்காலுக்கு அப்பா தன் வேலைப் பையிலிருந்து ஒழுகும் குழாயில் ஒட்டும் தடித்த டேப்பை எடுத்து வந்தார். அந்தப் பொத்தான் மேல் நான்கு துண்டு ஒட்டிவிட்டால் கவலை இல்லை என்றார். பொடிசு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். திருடனைப் பிடித்து நிறுத்தியது போல இருந்தது எனக்கு.

"ஒட்ட வேண்டாம்ப்பா. அவளே பார்த்துக்குவா" என்றேன்.

"கடைசி வாரம்மா. கைதவறிப் பட்டுட்டா?"

எனக்கும் பயம்தான். இது போனால் இரண்டு மாதம். ஆனாலும் வேண்டாம் என்றே சொன்னேன். அப்பா டேப்பைப் பைக்குள் போட்டுவிட்டார்.

சரியாக ஐந்து மணிக்கு அம்மா வந்தார். அன்றைக்கு மூன்று நாற்காலியையும் ஒன்றாகப் போட்டிருந்தோம். நடுவில் பொடிசு. அப்பா தன் மூன்று கேள்விகளைக் கேட்டு முடித்தார். பொடிசு பாட்டுப் பாடினாள். வரைந்ததைக் காட்ட வேண்டிய நேரம் வந்தபோது, "அக்கா, நீ எடுத்துக் காட்டு" என்றாள். அவள் இரண்டு கைகளும் வெளியே இல்லை. தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்திருந்தாள். நான் எடுத்துக் காட்டினேன்.

"எப்ப வருவ?" என்று அவள் கேட்டாள்.

அம்மா கொஞ்சம் தயங்கினார். பிறகு உள்ளதைச் சொன்னார். "ரெண்டு மாசம் ஆகும்டா செல்லம். அக்கரையில வேலை முடிஞ்சாத்தான் விமானம்."

என் கண் பொத்தானையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தது. பொடிசின் தோள் ஒரு முறை அசைந்தது. கை வெளியே வரவில்லை.

"சரி" என்றாள். "இப்ப அக்கா முறை."

நான் காகிதத்தைப் பிரித்தேன். என் ஆசிரியர் மாறியது, கடைவாய்ப் பல் விழுந்தது, நீளம் தாண்டுவதில் மூன்றாவதாக வந்தது, எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா ஒவ்வொன்றுக்கும் கேள்வி கேட்டார். எட்டாவதில் எனக்கு அழுகை வந்தது, அம்மாவுக்கும் வந்தது. பரவாயில்லை என்று ஒன்பதாவதுக்குப் போனோம். அம்மாவின் முகம் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. பதினேழாவதை முடித்தபோது ஐந்தரை ஆக ஒரு நிமிடம் இருந்தது.

நான்கு வாரத்தில் அன்றுதான் அம்மா, "சரி, வைக்கட்டுமா?" என்று கேட்டார். நாங்கள் மூன்று பேரும் ஒன்றாக, "வை" என்றோம். அம்மா கையாட்டினார். திரை இருண்டது.

நான் காகிதத்தை நாலாக மடித்தேன்.

"அக்கா" என்றாள் பொடிசு. "இப்ப நான் கைய எடுக்கலாமா?"